அப்பத்தாவின் ஏழு குழிப் பணியாரக்கல்லில் ஆங்கில எழுத்து: எந்த ஊர் வார்ப்பு, என்ன விலை பெறும்?

கொடை_மேகம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடைக்கானல். போன மாதம் அப்பத்தா இருந்த வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு சாக்குக்குள் மூன்று இரும்புப் பாத்திரங்கள் கிடைத்தன.

முதலாவது, எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த பணியாரக்கல். நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு. குழி ஒவ்வொன்றும் பெரிது. அப்பத்தா சுட்ட பணியாரம் மூன்று தின்றால் வயிறு நிறைந்துவிடும். வாணலிக்கு இருப்பது போல ஒற்றைக் கைப்பிடி. அடிப்பக்கம் முழுக்கக் கரி. நகத்தால் சுரண்டியதில் ஈ, ஆர், ஐ, ஈ என்று நான்கு ஆங்கில எழுத்தும் 962 என்ற எண்ணும் தெரிந்தன.

இரண்டாவது, நீளக் கைப்பிடி வைத்த ஆழமான சட்டி. மூடி இல்லை. உள்ளே வெள்ளையாக ஒரு பூச்சு, பாதி போய்விட்டது. கைப்பிடியில் 3 பைன்ட் என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெயர் தேய்ந்து, கடைசியில் 'அண்ட் சன்ஸ்' மட்டும் படிக்க முடிகிறது.

மூன்றாவது, தட்டையான பெரிய வாணலி. கைப்பிடியில் 8 என்ற எண். பெயர் எதுவும் இல்லை. அடியில் விளிம்பை ஒட்டி மோதிரம் போல ஒரு வளையம் புடைத்திருக்கிறது.

அப்பத்தா சின்ன வயதில் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்க மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தார். அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது சமையலறைச் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார். காயலான் கடைக்காரர் கிலோ 30 ரூபாய் என்கிறார். பழைய பொருள் விற்கும் ஒரு கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து 1500 தருகிறேன் என்றார். தம்பி, எல்லாவற்றையும் விறகு நெருப்பில் போட்டுக் கரியை எரித்து, உப்புத்தாள் தேய்த்து எடுத்தால் இன்னும் கூடக் கிடைக்கும் என்கிறான். என்ன செய்யலாம்?

குன்னூர்_சேகரிப்பு

தங்கச்சி, முதலில் தம்பியை நிறுத்துங்கள். நெருப்பும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். வார்ப்பிரும்பை நேரடி நெருப்பில் போட்டுப் பழுக்க விட்டால் மேற்பரப்பு செங்கல் நிறத்துக்கு மாறிச் செதில் செதிலாகிவிடும். அப்புறம் எத்தனை முறை எண்ணெய் காய்ச்சினாலும் ஒட்டாது. தட்டை வாணலி வளைந்தும் போகும்.

தேய்ப்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். சேகரிக்க ஆரம்பித்த புதிதில், கெத்தி பக்கம் ஒரு பங்களா ஏலத்தில் மூடியோடு ஒரு பழைய பானை எடுத்தேன். பளபளப்பாக இருந்தால் நல்ல விலை வரும் என்று நினைத்து ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்தேன். கண்ணாடி போல் திரும்பி வந்தது. ஆனால் எழுத்தில் பாதி போய்விட்டது. வாங்குவதாகச் சொல்லியிருந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பானை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

இப்போது உங்கள் பணியாரக்கல். அந்த நான்கு எழுத்தும் சேர்ந்தால் ஈரி. அது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஊர். அங்கேதான் கிரிஸ்வோல்ட் வார்ப்படம் இருந்தது. 1865-இல் தொடங்கி 1957-இல் மூடினார்கள். 962 என்பது அந்த அச்சின் எண். கரியை எடுத்தால் 'கிரிஸ்வோல்ட்' என்ற பெயரும் 32 என்ற எண்ணும் தெரிய வேண்டும். அது பணியாரத்துக்காக வார்த்தது அல்ல. டென்மார்க்காரர்கள் கோதுமை மாவும் முட்டையும் பாலும் சேர்த்து உருண்டையாகச் சுடும் ஏப்ல்ஸ்கீவர் என்ற பலகாரத்துக்கானது. நம் பணியாரம் மாதிரியேதான், குச்சியால் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். உங்கள் அப்பத்தா அதைப் பார்த்ததும் பணியாரக்கல் என்று எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

கொடை_மேகம்

அண்ணா, படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். நம்பவே மாட்டேன் என்கிறார்! மாவு எப்போதும் கூடப் பிடிக்கும், நம்மூர்க் கல் இப்படி இருக்காதே என்று அப்பத்தாவும் சொன்னதுண்டாம். மற்ற இரண்டும் அமெரிக்காவா?

ஊட்டி_மேல்பஜார்

மன்னிக்கவும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பழசு வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் வர வேண்டும். கோவை கலெக்டர் சல்லிவன் 1819-இல் மலையேறினார், 1822-இல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். அன்றிலிருந்து இங்கே வந்ததெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரும்பு. எங்கள் வீட்டில் மூன்று கால் பானை ஒன்று இருக்கிறது. ஃபால்கர்க் பக்கத்துக் கேரன் கம்பெனி 1759-இல் தொடங்கியது. கிரிஸ்வோல்ட் அதற்கு நூறு வருடம் பிந்தியது. அப்படியிருக்க அமெரிக்கச் சாமானுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

குன்னூர்_சேகரிப்பு

தம்பி, வயது வேறு, விலை வேறு. நான் பல வருடம் கழித்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். மூன்று கால் பானையை அவர்கள் ஒரே அச்சில் தலைமுறை தலைமுறையாக வார்த்தார்கள். அதனால் கேலன் எண் மட்டும் இருக்கும் பானையைப் பார்த்து 1850-ஆ 1920-ஆ என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கிரிஸ்வோல்ட் அப்படி இல்லை. பெயரை எழுதும் விதத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தார்கள். ஆரம்பத்தில் வெறும் 'ஈரி', பிறகு வட்டத்துக்குள் சிலுவை, அதில் சாய்ந்த எழுத்து, அப்புறம் நேரான பெரிய எழுத்து, கடைசிக் காலத்தில் சின்ன முத்திரை. அடியைப் பார்த்தே ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். காலம் சொல்ல முடிகிற பொருளைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

இன்னொன்று, மலைக்கு மலை வித்தியாசம் உண்டு. நீலகிரிக்கு வந்தது பட்டாளமும் தோட்டத் துரைகளும். கொடைக்கானலை உருவாக்கியதில் அமெரிக்கன் மதுரை மிஷனுக்குப் பெரிய பங்கு. 1845-இல் அங்கே அவர்களுடைய முதல் வீடுகள் எழுந்தன. மிஷனரி பிள்ளைகளுக்காக 1901-இல் ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். ரயில் கூட குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் வந்துவிட்டது. கொடைக்கு இன்றுவரை ரயில் இல்லை. தார்ச்சாலை வருமுன் அந்த இரும்பையெல்லாம் பெரியகுளம் பக்கத்துப் பாதையில் ஆட்கள்தான் தலைச்சுமையாக ஏற்றியிருக்க வேண்டும். அதை நினைத்தால் ஒவ்வொரு சட்டியும் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

தங்கச்சி, அந்த 3 பைன்ட் சட்டிக்கு ஒரு வேலை செய்யுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையால் அளந்து சொல்லுங்கள். ஆங்கிலேய பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. 1700 பக்கம் வந்தால் இங்கிலாந்து, 1400 பக்கம் வந்தால் அமெரிக்கா. தேய்ந்த பெயரில் மைதா மாவைத் தடவி, துணியால் லேசாக வழித்துவிட்டு, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எழுத்து எழுந்து வரும்.

வார்ப்படம்_கோத்தகிரி

கோவையில் வார்ப்படத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். சில விஷயங்கள் சொல்ல ஆசை.

'கனமாக இருந்தால் பழசு' என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. அந்தக் காலத்து நல்ல வார்ப்பு மெல்லிசாக இருக்கும். நைசான மணலில் கை பழகிய ஆட்கள் அச்செடுத்தார்கள். வார்த்த பிறகு உட்புறத்தைக் கடைந்து வழவழப்பாக்கினார்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் மணல் பொரி அப்படியே தெரியும், தடிமனும் அதிகம். பெயர் பெற்ற பழைய பாத்திரத்தை வைத்தே புதிதாக அச்செடுத்து வார்க்கும் போலிகளையும் இதை வைத்துத்தான் பிடிக்கலாம். எழுத்து மழுங்கியிருக்கும், விளிம்பில் முரட்டுத்தனமாக அரைத்த கோடு இருக்கும், அளவும் கொஞ்சம் சிறுத்திருக்கும். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும். அதனால் நகல் எப்போதும் மூலத்தைவிடச் சின்னது.

அடிப்பக்கத்தின் நடுவில் தழும்பு போல ஒரு நீளக் கோடு தெரிந்தால் அதை விட்டுவிடாதீர்கள். உருக்கிய இரும்பை அடிப்பக்கம் வழியாக ஊற்றி, ஆறிய பிறகு அந்த வாயை உடைத்த இடம் அது. பொதுவாக 1890-க்கு முந்திய வேலை. பிறகு பக்கவாட்டில் ஊற்ற ஆரம்பித்ததும் அந்தத் தழும்பு மறைந்துவிட்டது.

வாணலியின் 8 என்ற எண் அங்குலம் அல்ல. விறகு அடுப்பின் மேல்தகட்டில் வட்ட வாய்கள் இருக்கும். எந்த வாய்க்குப் பொருந்தும் என்பதற்கான எண் அது. அடியிலிருக்கும் வளையம் அந்த வாயில் உட்காருவதற்கு. 8 என்பது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு.

எதற்கும் விலை பேசுவதற்கு முன்னால் தட்டிப் பாருங்கள். கைப்பிடித் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் ஒரு தட்டு. கணீரென்று மணி போல இழுத்துக் கேட்டால் நல்லது. 'டொப்' என்று அடங்கினால் எங்கோ விரிசல்.

வெலிங்டன்_அக்கா

அந்த வெள்ளைப் பூச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நம் ஊரில் எல்லாவற்றையும் ஈயம் என்று சொல்லிவிடுகிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். நஞ்சானது காரீயம். இங்கிலாந்துச் சட்டிகளுக்கு உட்புறம் வெள்ளீயம் பூசுவது வழக்கம், துருவும் பிடிக்காது, புளிப்பும் கெடாது. அதனால் பூச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் பழைய இரும்புச் சட்டியில் பிறகு யாராவது தூண்டில் குண்டுக்கோ வேறு எதற்கோ காரீயம் உருக்கியிருக்கலாம். எடுத்த எடுப்பில் சமைக்காதீர்கள். காரீயம் கண்டுபிடிக்கும் சோதனைக் குச்சி ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கித் தேய்த்துப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

கொடை_மேகம்

எல்லாம் செய்து பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

சட்டியில் விளிம்பு வரை 1 லிட்டர் 720 மில்லி பிடித்தது. மைதா தடவியதில் 'ஏ. கென்ரிக் அண்ட் சன்ஸ்' என்று முழுதாகத் தெரிந்தது! அம்மா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் கத்திவிட்டோம்.

சோதனைக் குச்சி வர நான்கு நாள் ஆனது. மூன்றிலும் காரீயம் இல்லை.

பணியாரக்கல் கணீரென்கிறது. வாணலிதான் மனதைக் கஷ்டப்படுத்திவிட்டது. தட்டினால் 'டொப்'. துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், கைப்பிடிக்குப் பக்கத்தில் விளிம்பிலிருந்து முடி போல ஒரு கோடு இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. கடப்பாக்கல் மேடையில் வைத்தால் சுழலவும் செய்கிறது.

குன்னூர்_சேகரிப்பு

கென்ரிக் என்றால் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் வெஸ்ட் ப்ரோம்விச். 1791-இல் ஆரம்பித்த குடும்பத் தொழில். நீலகிரியில் நான் அதிகம் பார்த்த பெயர்களில் இதுவும் ஒன்று. உங்கள் அமெரிக்கக் குடும்பம் இதை இங்கேயே, சென்னையிலோ மதுரையிலோ வாங்கியிருக்கலாம்.

வாணலி சேகரிப்பவர்களுக்கு ஆகாது. விரிசல் விழுந்தால் பெயர் பெற்ற வாணலியே காசு பெறாது, இதில் பெயரும் இல்லை. சுழல்கிறது என்றால் அடி வெளிப்பக்கம் புடைத்துவிட்டது. யாரோ அடுப்பில் காய்ந்து சிவந்திருந்தபோது பச்சைத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

கொடை_மேகம்

வெல்டிங் வைக்க முடியாதா? அப்பத்தா கறி வறுத்த வாணலி அது.

வார்ப்படம்_கோத்தகிரி

முடியும் அம்மா, ஆனால் சாதாரண வெல்டிங் கடையில் கொடுத்துவிடாதீர்கள். வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பதால் வளையாது, உடையும். முதலில் முழுவதையும் சூடேற்றி, நிக்கல் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, மணலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புது விரிசல் ஓடும். நினைவுக்காக என்றால் செய்யுங்கள், விலைக்காக என்றால் வேண்டாம்.

ஹட்டிக்காரன்

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கோத்தர் கொல்லர்கள் செய்த பழைய அரிவாளும் கோடரியும் இருக்கின்றன. தாத்தா காலத்தில் படகர் வீடுகளுக்கு இரும்புச் சாமான்கள் கோத்தரிடமிருந்துதான் வரும். இதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

வார்ப்படம்_கோத்தகிரி

அது வேறு கலை. கோத்தர் உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கியது. வார்ப்பு கிடையாது. அடித்த இரும்பில் சுத்தியல் பட்ட பள்ளம் கைக்குத் தெரியும், வளைத்தால் வளையும். பெயரும் எண்ணும் இல்லாததால் ஏலத்தில் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த மலையிலேயே செய்தது அது ஒன்றுதான். எண்ணெய் தடவி, யார் கொடுத்தது, எந்தக் கோக்காலிலிருந்து, அதாவது எந்தக் கோத்தர் ஊரிலிருந்து, வந்தது என்று எழுதி வையுங்கள். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஊட்டி_மேல்பஜார்

குன்னூர் அண்ணா சொன்ன பிறகு எங்கள் பானையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். காலம் சொல்லும்படி ஒன்றும் இல்லை, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அம்மாயி வீட்டில் ஒரு வாஃபிள் அச்சு இருக்கிறது, அதில் காப்புரிமைத் தேதி 1908 என்று இருக்கிறது. அப்படியானால் அது 1908-இல் செய்ததுதானே? அமெரிக்க ஏலத் தளத்தில் போட்டால் டாலரில் விற்கலாமே?

குன்னூர்_சேகரிப்பு

காப்புரிமைத் தேதி, அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லும். அதற்குப் பிறகு இருபது முப்பது வருடம்கூட அதே தேதியோடு வார்த்திருப்பார்கள். இங்கிலாந்துப் பொருளில் வரும் வடிவப் பதிவு எண்ணும் அப்படியே. 1884-இல் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி 1900-க்குள் மூன்றரை லட்சத்தைத் தொட்டது. அந்த எண் சொல்வது வடிவத்தின் வயது, பாத்திரத்தின் வயது அல்ல.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு முக்கியமான விஷயம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கைவினை, வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. சமையல் சட்டிதானே என்று நாமே முடிவு செய்யாமல், தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்புங்கள். தபால் செலவும் பொருளின் விலையைத் தாண்டிவிடும். அந்தத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். விற்று முடிந்தவை என்ற பட்டியலைத் தனியாகப் பாருங்கள், அதுதான் உண்மையான விலை.

கொடை_மேகம்

அண்ணா, நேரடியாகவே கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன கொடுப்பீர்கள்?

குன்னூர்_சேகரிப்பு

கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். இது என் கை விலை, வேறு ஒருவர் வேறு மாதிரி சொல்லலாம்.

ஏழு குழிக் கல்லுக்கு 4000 கொடுப்பேன். அது அபூர்வம் கிடையாது, அமெரிக்காவில் நிறையவே இருக்கிறது. இங்கே கிடைப்பது அரிது, விரிசல் இல்லை, எழுத்து முழுதாக இருக்கிறது, எந்த வீட்டிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கதையும் இருக்கிறது. மிஷன் பங்களா பெயரும் அப்பத்தா வேலை பார்த்த வருடமும் தெரிந்தால் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள், இன்னும் 500 சேர்க்கத் தயங்க மாட்டேன்.

கென்ரிக் சட்டிக்கு 1500. மூடி இருந்திருந்தால் இரட்டிப்பு. மூடிதான் எப்போதும் முதலில் தொலையும், அதனால் மூடியைத் தனியாகக்கூட நான் வாங்குவேன்.

வாணலிக்கு என்னிடம் விலை இல்லை. ஆனால் அதையும் காயலான் கடைக்குப் போட வேண்டாம்.

மூன்றுக்கும் 1500 சொன்னவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் விற்க வேண்டிய விலை ஒன்று இருக்கும். ஆனால் அந்தப் பணியாரக்கல் ஒன்றே அதைவிடப் பெறும்.

விற்பதோ வைப்பதோ, கரியை எடுப்பது மட்டும் முறையாகச் செய்யுங்கள். பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் தண்ணீர் பிடித்து, அதில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. அலுமினியம் எதுவும் படக் கூடாது. கல்லை நான்கைந்து நாள் ஊறவிட்டால் கரி சேறு மாதிரி கழன்றுவிடும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கென்ரிக் சட்டியை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் வெள்ளீயத்தைச் சோடா தின்றுவிடும். அதற்கு வெந்நீரும் தேங்காய் நாரும் போதும்.

கழுவி எடுத்ததும் நம் மலை ஈரத்தில் கண் முன்னாலேயே துரு பூக்கும். உடனே அடுப்பில் வைத்துக் காய வையுங்கள்.

வெலிங்டன்_அக்கா

பழக்குவதற்கு நல்லெண்ணெய் போதும். பளபளவென்று தெரியும்படி பூசாதீர்கள், பிசுபிசுக்கும். பூசிவிட்டு, தப்பாகப் பூசிவிட்டோம் என்று நினைத்து முழுதும் துடைப்பது போலத் துடைத்து எடுங்கள். அப்புறம் புகை வந்து அடங்கும் வரை காய்ச்சுங்கள். ஐந்தாறு முறை. ஆளிவிதை எண்ணெய் என்று இணையத்தில் சொல்வார்கள், எனக்கு அது மூன்று மாதத்தில் உரிந்து வந்துவிட்டது.

கொடை_மேகம்

பத்து நாள் கழித்து வருகிறேன். கரி முழுதும் போய்விட்டது. 'கிரிஸ்வோல்ட்', 'ஈரி', 32, 962 எல்லாம் நேற்று வார்த்தது போல இருக்கின்றன. உட்புறம் கையில் வழுக்குகிறது. நல்லெண்ணெய் ஆறு முறை காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவில் வெங்காயம் வதக்கிப் போட்டுச் சுட்டோம். முதல் ஈடு ஒட்டியது. மூன்றாவது ஈட்டிலிருந்து குச்சி பட்டதும் தானாகப் புரண்டது.

கல் எங்களிடமே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பங்களாவின் பெயர் அம்மாவுக்கு நினைவில் இருக்கிறது, வருடத்தை அப்பத்தாவின் பழைய ஞானஸ்நானச் சீட்டை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிவிட்டோம். வாணலியை வெல்டிங் வைக்காமல் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

கென்ரிக் சட்டியை உங்களுக்கே தருகிறேன், குன்னூர் அண்ணா. எங்கள் வீட்டில் அதைப் பயன்படுத்துபவர்கள் இல்லை, உங்களிடம் இருந்தால் அதற்குத் துணை இருக்கும். அடுத்த வாரம் கோவைக்கு வருகிறேன், மேட்டுப்பாளையத்தில் சந்திக்கலாமா?

குன்னூர்_சேகரிப்பு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன் தங்கச்சி. சட்டியைச் சாக்கில் சுற்ற வேண்டாம், சணல் ஈரம் இழுக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, கைப்பிடிக்குத் தனியாக ஒரு மடிப்பு வையுங்கள். பேருந்தில் மேலே போடாமல் மடியில் வைத்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் பெயரில்லாத ஒரு பழைய மூடி இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன். பொருந்துகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.